பிரிவைக் காட்டுங்கள்

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட விவசாயிகளும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

காய் எடுத்துவிட்டு ஜீப்பிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்துக்கொண்டு மலைக்கும் ஊருக்கும் அலையும் தோட்டக்காரர்களே! ஸ்டோரில் விடிய விடிய விறகு போட்டுக் காய் உலர்த்தும் தோழர்களே!

விலை விழுந்துவிட்டது என்று அழுவதற்காக இந்த மேடையில் நான் ஏறவில்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே வந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் கேட்க வந்தது வேறு. அந்த மூன்று வருடமும் நமக்காக ஸ்பைசஸ் போர்டு என்று ஒரு நிறுவனம் இருந்ததே, அதன் கையில் என்ன அதிகாரம் இருந்தது? யார் கொடுத்த அதிகாரம்? அதற்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் யார்? இந்தக் கேள்விகளை நாம் இதுவரை கேட்கவில்லை. விலை ஏறினால் முருகனுக்கு நன்றி சொன்னோம், இறங்கினால் வியாபாரியைத் திட்டினோம். நடுவில் இருக்கும் சட்டத்தை யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நம் முன்னோர் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் மேலே ஏறி ஏலம் பயிரிட்ட காலத்தில், அந்த மலை திருவிதாங்கூர் மன்னருடையது. ஏலக்காய் சர்க்காரின் ஏகபோகம். விளைந்த காய் அத்தனையையும் சர்க்கார் பண்டகசாலையில் அளந்து கொடுத்துவிட வேண்டும். அதை ஆலப்புழையில் விற்று, விற்ற பணத்தில் ஒரு பங்கைக் குடியானவனுக்குக் கொடுப்பார்கள். தன் காயைத் தானே ஒரு கைப்பிடி விற்றாலும் குற்றம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. அந்தக் குடியானவன் சர்க்காரிடம் கேள்வி கேட்க வழியே இல்லை. ஏனென்றால் சர்க்காரின் அதிகாரத்துக்கு எங்கே எல்லை என்று எழுதிய ஏடு எதுவும் கிடையாது.

நமக்கு ஏடு இருக்கிறது. அதுதான் வித்தியாசம். 1965இல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. பிறகு 1986இல் ஸ்பைசஸ் போர்டு சட்டம். அந்தச் சட்டத்தின்படி 1987 பிப்ரவரி 26 அன்று இன்றைய போர்டு உருவானது. தலைமை அலுவலகம் கொச்சியில். மொத்தம் 52 வாசனைப் பொருள்கள் அதன் கீழே வருகின்றன. அவற்றில் ஏலக்காய்க்கு மட்டும் தனி இடம். மற்றப் பொருள்களில் போர்டின் வேலை பெரும்பாலும் ஏற்றுமதியோடு நின்றுவிடும், ஏலக்காயில் அது செடியிலிருந்து சந்தை வரை வருகிறது.

சட்டத்தின் 7ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். போர்டின் பணிகள் என்ன என்று அங்கே எழுதியிருக்கிறது. ஏலக்காய் விவசாயிகளிடையே கூட்டுறவை வளர்ப்பது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் வருமானம் கிடைக்கச் செய்வது. ஏலக்காய் விற்பனையை ஒழுங்குபடுத்தி விலையை நிலைப்படுத்துவது. ஏலம் நடத்துகிறவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் உரிமம் கொடுப்பது. தொழிலாளர்களுக்கு மேம்பட்ட வேலைச்சூழலும் வசதிகளும் கிடைக்கச் செய்வது. இவை எதுவும் என் கோரிக்கை இல்லை, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்.

இனிமேல் யாராவது ஒரு நாற்காலியிலிருந்து, “விலைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அது சந்தை” என்று சொன்னால், மரியாதையாக ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்: ஐயா, அப்படியானால் 7ஆவது பிரிவில் விலையை நிலைப்படுத்துவது என்று ஏன் எழுதியிருக்கிறது?

இப்போது உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நம் வயிற்றெரிச்சல் அத்தனைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. 3ஆவது பிரிவின்படி போர்டில் 32 பேர். தலைவர் ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினர் மூவர். மத்திய அமைச்சகங்களின் சார்பில் மூவர். உற்பத்தி மாநிலங்களுக்கு மூவர். ஆராய்ச்சி நிறுவனம், அன்றைய திட்டக்குழு போன்ற அமைப்புகளுக்கு நால்வர். மீதி? விவசாயிகளுக்கு 7. ஏற்றுமதியாளர்களுக்கு 10. தொழிலாளர்களுக்கு 1.

மறுபடி சொல்கிறேன், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும். விளைவிப்பவனுக்கு ஏழு. விற்று அனுப்புகிறவனுக்குப் பத்து. காய் எடுக்கும் கைக்கு ஒன்று!

அந்த ஏழும் ஏலக்காய்க்கு மட்டுமா? இல்லை. குண்டூர் மிளகாய்க்காரர், ஈரோட்டு மஞ்சள்காரர், வயநாட்டு மிளகுக்காரர், ராஜஸ்தான் சீரகக்காரர், எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஏழு. தொழிலாளிக்குக் கொடுத்த அந்த ஒற்றை நாற்காலியும் 52 பொருள்களுக்கும் சேர்த்துத்தான். இடுக்கி மலைச்சரிவில் அட்டைக்கடியோடு குனிந்து காய் எடுக்கும் பெண்ணின் குரல் அந்த நாற்காலி வரை எப்படிப் போகும்?

ஏற்றுமதியாளர்கள் மீது எனக்குப் பகை இல்லை. அவர்கள் வாங்கினால்தான் நம் காய் கடல் தாண்டும். ஆனால் அவர்களுக்குக் காய் மலிவாகக் கிடைப்பது லாபம், நமக்கு அது நஷ்டம். இரண்டு தரப்பின் கணக்கும் எதிரெதிராக ஓடும் இடத்தில் ஒரு தரப்புக்குப் பத்தும் இன்னொரு தரப்புக்கு ஏழும் வைத்து எழுதிய சட்டம், நடுநிலையான சட்டமாகாது.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. அந்த ஏழு பேரையும் நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள்? மத்திய அரசு நியமித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் மூவரில் மட்டும் இருவரை மக்களவையும் ஒருவரை மாநிலங்களவையும் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. ஆகத் தேர்தல் என்பது இந்தச் சட்டத்துக்குப் புதிதில்லை. அவர்களுக்கு இருக்கும் தேர்தல் விவசாயிக்கு ஏன் இல்லை? வாக்காளர் பட்டியல் எங்கே என்று கேட்பார்கள். பட்டியல் ஏற்கனவே இருக்கிறது! ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது, மாநில அரசின் அதிகாரி அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறார். ஊரில் பால் ஊற்றுகிறவர் பால் சங்கத்துக்கு ஓட்டுப்போட்டு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கிறார். ஏலத்தோட்டக்காரனுக்கு மட்டும் அந்தத் தகுதி இல்லையா?

இதைச் சொன்னால் சிலர் எழுந்து, “இந்தப் போர்டே வேண்டாம், கலைத்துவிடுங்கள்” என்கிறார்கள். டெல்லியிலும் இதை ஒட்டிய ஓர் எண்ணம் எழுந்தது. 2022 ஜனவரியில் மத்திய வணிக அமைச்சகம் நான்கு வரைவு மசோதாக்களை வெளியிட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், வாசனைப் பொருள் நான்குக்கும் உள்ள பழைய சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவதாகச் சொன்னது. பழைய கட்டுப்பாடுகள் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது, தொழில் நடத்துவது எளிதாக வேண்டும் என்பது அதன் வாதம்.

தொழில் யாருக்கு எளிதாக வேண்டும்? உரிமம் என்ற ஒன்று இருப்பதால்தான், ஏலம் நடத்துகிறவர் தோட்டக்காரனின் பணத்தைப் பிடித்துவைத்தால் ‘உன் உரிமம் போகும்’ என்று சொல்ல ஓர் அலுவலகமாவது இருக்கிறது. அந்தக் கயிற்றையும் அறுத்துவிட்டால் அரை ஏக்கர்க்காரன் யாரிடம் போய் நிற்பான்? போர்டு சரியாக வேலை செய்யவில்லை என்பது உண்மை. அதற்காக அதைக் கலைக்கச் சொல்வது நம் தரப்பு வாதம் இல்லை, நம்மிடம் மலிவாக வாங்க நினைப்பவரின் வாதம்.

ரீபூலிங் என்ற வார்த்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் ஏற்கனவே எடுத்த காயை வியாபாரி திருப்பிக் கொண்டுவந்து அதே ஏலத்தில் பதிவது. வரத்து கூடியதுபோலத் தோன்றும். வாங்குகிறவர் அவசரப்பட மாட்டார். தோட்டக்காரன் கொண்டுவந்த புதுக் காய்க்கு விலை இறங்கும். இதை நிறுத்துங்கள் என்று எத்தனை மனு போயிருக்கிறது! உரிமம் கொடுப்பதும் விற்பனையை ஒழுங்குபடுத்துவதும் போர்டின் கையில் இருக்கும்போது, இது எங்கள் எல்லைக்குள் வராது என்று எப்படிச் சொல்ல முடியும்? போடியிலும் புத்தடியிலும் கணினி வழியாகத்தான் ஏலம் நடக்கிறது. எந்த லாட் யாரிடமிருந்து வந்தது, யார் எடுத்தார், திரும்ப வந்ததா என்று பார்ப்பதற்குக் கணினியைவிட நல்ல சாட்சி எது?

அதற்காகப் போர்டு எதையும் செய்யலாம் என்றில்லை, அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று நானே சொல்கிறேன். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. 1950களில் சென்னையின் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் நினைவு அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தது. நல்ல மனிதரின் நினைவு, நல்ல காரியம். அறங்காவலர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். பங்குதாரர்களே கூட்டம் கூட்டிச் சம்மதித்த பணம். பின்னால் அந்த நிறுவனம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது, எல்.ஐ.சி. பணத்தைத் திருப்பிக் கேட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நிறுவனத்தின் சாசனத்தில் இந்தச் செலவுக்கு இடம் இல்லை, ஆகவே அந்தக் கொடை செல்லாது. எத்தனை பெரியவர்கள் சம்பந்தப்பட்டிருந்தாலும், எத்தனை பேர் கைதூக்கியிருந்தாலும், ஏட்டில் இல்லாத அதிகாரம் அதிகாரமே இல்லை!

இதைச் சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நாமும் கையில் எடுக்கலாம். அதிகாரி ‘எனக்கு அதிகாரம் உண்டு’ என்று உங்கள் காயைத் தடுத்தால், பிரிவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ‘எனக்கு அதிகாரம் இல்லை’ என்று கையை விரித்தாலும், அதே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4ஆவது பிரிவு: ஒவ்வொரு பொது அமைப்பும் தன் பணிகளையும், தன் அதிகாரிகளின் அதிகாரங்களையும் கடமைகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். அதைத் தமிழில் அச்சிட்டு போடி ஏல மையத்தின் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். கொச்சியில் வைத்திருந்தால் நமக்கு என்ன பயன்?

மேலே மலையில் நிலைமை இன்னும் சிக்கல். செடி ஸ்பைசஸ் போர்டுக்கு, நிலம் கேரள வருவாய்த் துறைக்கு, நிலத்தில் நிற்கும் மரம் வனத்துறைக்கு. 2024 அக்டோபரில் ஏலமலைக் காட்டு நிலங்களில் புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சோலைக்காடு அழிந்தால் நிழல் போகும், நிழல் போனால் ஏலமும் போகும், ஆகக் காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறு கருத்து இல்லை. ஆனால் மூன்று துறைகளுக்கும் நடுவில் ஒரு சிறு விவசாயி, விழுந்த ஒரு கிளைக்காக ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு நடந்தே ஓய்கிறானே! எந்தத் துறையின் கோடு எங்கே முடிகிறது என்று அவனுக்கு எழுத்தில் கொடுப்பது அரசுக்கு அவ்வளவு கஷ்டமா?

தொழிலாளர் பற்றி ஒரு வார்த்தை, தோட்டக்காரர்களுக்குக் கசந்தாலும் சொல்வேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆளும் உள்ள தோட்டங்களையே பார்த்தது. சிறு தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கழிப்பறை இல்லை, குழந்தையை விட்டுவர இடம் இல்லை. அவள் தமிழ்நாட்டில் தூங்கி எழுந்து கேரளத்தில் வேலை செய்கிறாள். இரண்டு அரசுகளில் எது அவளுக்குப் பொறுப்பு என்று கேட்டால் ஒன்று மற்றதைக் காட்டும். ஆனால் ஸ்பைசஸ் போர்டுக்கு மாநில எல்லை இல்லை, அவளுடைய வேலைச்சூழல் அதன் 7ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஜீப்பில் ஆட்டுமந்தையாக அடைத்துக் கொண்டுபோகிறார்களே, அதைக் கேட்பதற்கு இதைவிட என்ன பிரிவு வேண்டும்?

நம் சங்கங்களையும் நான் விடப்போவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நமக்கும் பொருந்தும். ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம், கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. பத்து வருடமாக ஒரே தலைவர், கணக்கு யார் கண்ணிலும் படவில்லை என்றால், அந்தச் சங்கம் போர்டிடம் போய் ஜனநாயகம் கேட்க முடியாது. வருகிற ஆண்டுக் கூட்டத்திலேயே உங்கள் நிர்வாகிகளிடம் கணக்கு நோட்டைக் கேளுங்கள். சண்டை வேண்டாம், நோட்டு போதும்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். போர்டில் விவசாயிகளின் இடங்களைப் பதிவு செய்த விவசாயிகளே ஓட்டுப்போட்டு நிரப்ப வேண்டும், அந்த எண்ணிக்கை ஏற்றுமதியாளர்களைவிடக் குறையக் கூடாது. தொழிலாளர் இடம் ஒன்றிலிருந்து குறைந்தது நான்காக வேண்டும், அதில் பாதி பெண்களுக்கு. ஏலத்துக்குத் திரும்பி வரும் காயைத் தடுக்க வேண்டும், தோட்டக்காரனுக்குப் பணம் தாமதித்தால் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். இதை மத்திய வணிக அமைச்சகத்துக்கும், தேனி, இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பப் போகிறோம்.

வாக்கெடுப்புக்கு முன், முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் சேர்க்க வேண்டியது எதுவும் உண்டா? ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கள், தம்பி. அவர்கள் சொல்வதையும் எழுதிச் சேர்த்த பிறகு கைதூக்குவோம்.