எந்த ஊரோடு ஒப்பிடுவது? குழந்தைப் பருமன் தடுப்புத் திட்டங்களின் மதிப்பீடு

குழந்தைகளின் உடற்பருமனைத் தடுக்க ஓர் ஊரே சேர்ந்து நடத்தும் திட்டம் பலன் தந்ததா என்று சொல்ல, பிள்ளைகளை முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் போதாது. வளரும் பிள்ளையின் எடை எப்படியும் கூடும். எனவே வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பக் கணித்த உடல் நிறைக் குறியீட்டையே மதிப்பீட்டாளர்கள் பயன்படுத்துகிறார்கள். திட்டமே இல்லாதிருந்தால் இதே பிள்ளைகள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு விடை தேட இன்னோர் ஊர் வேண்டும்.

வடபிரான்சின் ஃப்ளூர்பே, லவாந்தி என்னும் சிற்றூர்களில் 1992இல் பள்ளி உணவுக் கல்வியாகத் தொடங்கிய முயற்சி, பின்னர் ஊர் முழுவதற்கும் விரிந்தது. 2004இல் அங்கே அதிக எடையுள்ள பிள்ளைகள் 8.8 விழுக்காடு, ஒப்பீட்டுக்கு எடுத்த இரண்டு ஊர்களில் 17.8 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி. ஆனால் ஒப்பீட்டு ஊர்களில் அளவெடுத்தது 2004இல் மட்டுமே. 1992இல் அவை எந்த நிலையில் இருந்தன என்பது தெரியாதபோது, இந்த வேறுபாடு முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. பலரும் மேற்கோள் காட்டும் இந்த எண்ணோடு இக்குறையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கோலாக் நகரில் 2003 முதல் 2006 வரை நடந்த திட்டம் இதைவிடக் கவனமாக அளக்கப்பட்டது. அந்நகரத்துப் பிள்ளைகளையும் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகளையும் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தனர். கோலாக் பிள்ளைகளுக்கு எடை சராசரியாக 0.92 கிலோவும், இடுப்புச் சுற்றளவு 3.14 செ.மீ.யும் குறைவாகவே கூடின. இதனினும் முக்கியமான செய்தி வேறு. ஒப்பீட்டுப் பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே எடை மிகுதியாக ஏறியது. கோலாக்கில் அந்த ஏற்றத்தாழ்வு தென்படவில்லை. தீங்கு ஏதும் நேர்ந்ததா என்றும் பார்த்தார்கள். எடை குறைந்து மெலிந்த பிள்ளைகளோ, எடையைக் குறைக்க முயன்ற பிள்ளைகளோ அங்கு மிகுந்துவிடவில்லை. இந்தச் சோதனையைப் பல மதிப்பீடுகள் செய்வதே இல்லை.

பிள்ளைகளின் உணவறிவு வளர்ந்தது என்பதை மட்டும் வெற்றியாகக் கொள்ளலாமா? அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 41 பள்ளிகளில் மூன்றாண்டு நடந்த ‘பாத்வேஸ்’ ஆய்வு கொள்ளக்கூடாது என்கிறது. பிள்ளைகளின் உணவறிவு கூடியது, உண்ட கொழுப்பு குறைந்தது. உடற்கொழுப்பின் விகிதம் மாறவில்லை.

எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதும் முடிவை மாற்றுகிறது. விக்டோரியாவிலேயே பின்னர் பத்து ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, இன்னொரு தடுப்புத் திட்டத்தைச் சோதித்தனர். 2015இல் திட்டத்தைத் தொடங்கிய ஊர்களில் 2017 வரை உடல் நிறைக் குறியீடு இறங்கியது. 2019இல் அது மீண்டும் ஏறி, பலன் மறைந்தது. இரண்டு ஆண்டோடு அளப்பதை நிறுத்தியிருந்தால், இத்திட்டமும் வெற்றிப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.