களம் சொல்லும் கதைக்கு மதிப்பெண்

களப்பணியில் மாணவர் கற்றதை அளக்க, தாமே எடுத்த படங்களைத் தம் குரலோடு கோத்துச் சில நிமிடக் காணொளியாக்கும் ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ உதவுகிறது; 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட் முதலியோர் வளர்த்த முறை இது. எடுத்துக்காட்டாக, காட்டுப்பள்ளியை ஒட்டிய பழவேற்காட்டு ஏரியில், மீன்பிடி இடங்களை மீனவர் முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தைப் புத்தகம் பார்த்தே அறிக்கையாக எழுதிவிடலாம். ஆனால் கூடையைப் பல்லில் கவ்வியபடி சேற்றுநீரைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர், அந்தப் ‘பாடு’ முறைக்குள் எங்கே நிற்கிறார்கள் என்று கதையில் காட்ட, கரையில் நின்று கேட்டிருக்க வேண்டும். படத்தொகுப்பின் பகட்டுக்கு மதிப்பெண் தருவது வீண். எதைப் படமெடுத்தார், எதை விட்டார், ஏன் என மாணவர் எழுதும் விளக்கக் குறிப்பே உரைகல். ஒப்புதலின்றி மீனவர் முகத்தைக் காட்டும் கதைக்கு மதிப்பெண்ணே கூடாது.