கதவில் ஒட்டிய சம்மன்

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலெக்டர் ஆபீசுக்கு மனு தூக்கி வந்து வந்து வேங்கிக்கால் நமக்குப் பழகிப்போன இடம். மனு நாம் கொடுக்கிறது. சம்மன் நமக்கு வருகிறது. மனு எழுதத் தெரிந்தவர்கள் சேரியில் பத்துப்பேர் இருக்கிறார்கள்; சம்மன் வந்தால் என்ன செய்வதென்று தெரிந்தவரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் கிளார்க். கடன் வழக்குக் கட்டுகளில் 'வாங்க மறுப்பு' என்று எழுதித் திரும்பி வந்த கவர்களைப் பார்க்கிறவன். வாங்கினாத்தானே கேசு, வாங்கலன்னா இன்னா பண்ணுவான் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 9: மறுத்தாலே முறைப்படி சார்வு ஆனதாக அர்த்தம். சரியான முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு அனுப்பி, 30 நாளில் அட்டை திரும்பாவிட்டாலும் அதே கதிதான்.

இன்னொரு வழி ஆள் மூலம் வருவது. கோர்ட்டிலிருந்து யார் வந்தாலும் நமக்கு அமீனாதான். பிரதிவாதி இல்லையென்றால் வீட்டில் வயதுவந்த யாரிடமும் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆணிடம் மட்டும்தான். பெண்ணும் வாங்கலாம் என்று 1976இல்தான் திருத்தினார்கள். (நம் தெருவில் கந்துக்காரனுக்குப் பதில் சொல்கிறவள் அவள்தான் என்பது டெல்லிக்குத் தெரிய அத்தனை காலம்!) உரிய முயற்சி எடுத்தும் ஆள் அகப்படவில்லை என்றால் கதவில் ஒட்டலாம், விதி 17.

இங்கேதான் சூட்சுமம். நம் ஆட்கள் கட்டட வேலைக்குப் பெங்களூர் போயிருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். வருகிறவர் ஊர்த்தெருவோடு நின்றுகொண்டு, 'காலனியில் விசாரித்தேன், ஆள் இல்லை, ஒட்டினேன்' என்று எழுதிவிட்டால் யார் கேட்பது? சம்மனை எதிர்த்தரப்பே அடையாளம் காட்டுகிற வழக்கில் என்ன நடக்குமென்று சொல்லவும் வேண்டுமா? அப்புறம் எக்ஸ்பார்ட்டி டிகிரி. வேலி போட ஆள் வரும்போதுதான் கேசு இருந்ததே தெரியும்.

ஆனால் விதி 17 இன்னொன்றும் சொல்கிறது. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று அறிக்கையில் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். அடையாளம் காட்டியவர் எந்தத் தெரு, அவருக்கும் வாதிக்கும் என்ன உறவு என்று பாருங்கள். பிராது நகல் கூட வந்ததா என்றும் பார்க்கணும். நகல் இல்லாமல் சம்மன் வரக்கூடாது.

சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றமே, கூரியர் மூலம் சார்வு செய்கையில் பொய்யாக எழுதிவிடும் ஆபத்து உண்டு, உயர்நீதிமன்றங்கள் எச்சரிக்கையாக விதி வகுக்க வேண்டும் என்றது. இது நம் கற்பனையான புகார் இல்லை.

டிகிரி ஆகிவிட்டால் கட்டளை 9, விதி 13இல் மனுப்போட்டு நீக்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து கணக்கு. தேதி முன்னமே தெரியும், வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று கோர்ட்டு நம்பிவிட்டால் சார்வில் உள்ள சின்னக் குறை உதவாது. ஆகவே என்றைக்கு, யார் சொல்லித் தெரிந்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சம்மன் நம்மைக் கூப்பிட மட்டுமல்ல, நாமும் கூப்பிடலாம். 1892 அரசாணைப்படி கொடுத்த பஞ்சமி நிலத்தில் வழக்கு என்றால் நமக்கு வேண்டியது பழைய நிலப் பதிவேடு. சான்று நகல் கேட்டு, கிடைக்காத காரணத்தை மனுவில் எழுதி, கட்டளை 16 விதி 6இன்படி பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லித் தாசில்தாருக்கே சம்மன் கேட்கலாம். பேட்டாவைக் கட்டிவிட வேண்டும், கட்டாமல் சம்மன் நகராது. எழுவினா வனைந்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியலைக் கொடுக்கணும். வக்கீல் மறந்தாலும் நாம் மறக்கக்கூடாத தேதி அது.

கையில் சம்மன் தாள் வைத்திருக்கிற தோழர்கள் இப்படி முன்னால் வாங்க. பதிலுரைக்கு 30 நாள்தான், கோர்ட்டு மனசு வைத்தால் 90 வரை. தேதியை முதலில் பார்த்துவிடுவோம்.