தாழ்த்திய காரும் அதிர்வு தணிப்பானும்

பள்ளிக்கூடம் நடத்துகின்ற ஒருவன் மோட்டார்க் காரின் உறுப்பொன்றைப் பற்றிப் பேச முன்வருவதேன் என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். நான் கலைப் பட்டதாரி; எந்திரவியல் கற்றவனல்லேன். ஆயினும், சென்ற மாரிகாலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இப்பொருளைத் தேடிக் கற்கும்படி என்னைச் செய்துவிட்டது.

என் பழைய மாணவர் ஒருவர் மினி கார் ஒன்றை வாங்கிப் புதுக்கியிருந்தார். 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் என்பாரின் வடிவமைப்பில் வெளிவந்த அச்சிறு கார், நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஆங்காங்கே ஓடக் காண்கிறோம். இயல்பாகவே தாழ்ந்த அக்காரை அவர் மேலும் தாழ்த்தியிருந்தார். பள்ளி விட்ட நேரம்; மழை ஓய்ந்திருந்தது. “சேர், ஒருக்கால் ஏறிப் பாருங்கோ” என்றார். ஏறினேன்.

பருத்தித்துறை வீதியில் ஒரு வளைவு. அங்கே தார் ஒட்டுப்போட்டிருந்தது. கார் அதன்மேல் ஏறியதும் பின்சில்லுகள் தடதடவென்று துள்ளின. பின்புறம் ஒரு முழம் வெளியே வழுக்கிச் சென்றது. அந்த ஓரத்திலே வெள்ளைச் சீருடையுடன் பிள்ளைகள் இருவர் நடந்துகொண்டிருந்தனர். இறைவன் அருளால் எவருக்கும் தீங்கில்லை. காரை நிறுத்திய மாணவரின் கைகள் நடுங்கின. “இறுக்கித் திருகினால் றோட்டைப் பிடிக்கும் எண்டு சொன்னவை, சேர்” என்றார்.

அவர் இறுக்கித் திருகியது எதனை? நாம் ஷொக் அப்ஸோர்பர் என்று வழங்கும் அதிர்வு தணிப்பானை. பலர் நினைப்பதுபோல் அது காரின் பாரத்தைத் தாங்குவதன்று. பாரத்தைத் தாங்குவது வில். மினியில் உருக்கு வில்லுக்குப் பதிலாகக் கூம்பு வடிவான இறப்பர் அவ்வேலையைச் செய்கிறது. வில் மேட்டிலே அமுங்கும், பின்னர் விரியும், தன்போக்கில் விட்டால் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதே தணிப்பானின் தொழில். அதனுள்ளே எண்ணெய் சிறு துவாரங்களினூடாக நெருக்கித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது. சில்லு மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் அது தடை கொடுக்கும். அளவான தடை சில்லைத் தரையோடு சேர்க்கும். அளவுமீறிய தடை சில்லைத் தரையிலிருந்து பிரிக்கும்.

காரைத் தாழ்த்தும்போது நிகழ்வது யாது? சில்லு மேலெழுவதற்கு இருந்த இடைவெளி குறைகிறது. பழைய நீளத்துத் தணிப்பானையே பூட்டினால், அதன் தண்டு முன்னரே பாதி உள்ளே போயிருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் அது அடியில் முட்டி உடையலாம். ஆதலால், தெரிவு செய்யும்போது முதலிற் பார்க்க வேண்டியது நீளம். கார் நிலத்தில் நிற்கையில், தடுப்பு இறப்பர் முட்டுமுன் தணிப்பான் முட்டாதபடி தண்டிலே இடம் மிஞ்சியிருத்தல் வேண்டும். மினியின் பின்புறத்திலோ, சில்லு தொங்கும்போது அதன் இறக்கத்தைத் தடுத்து நிறுத்துவதும் தணிப்பானே. அது மிக நீண்டிருந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கும்போது இறப்பரைத் தாங்கும் தண்டு இருப்பிடம் விட்டு விலகக்கூடும்.

இரண்டாவது, தடையின் அளவு. வில்லை மாற்றித் தாழ்த்தும் கார்களில் வில் விறைப்பாகும், தணிப்பும் கூடவேண்டும். எவ்வளவு? கார் அதே பாரமாயிருக்க, வில்லின் விறைப்பு நூற்றுக்கு 44 வீதம் கூடினால், தணிப்பு 20 வீதம் கூடினாற் போதும். இது வர்க்கமூலக் கணக்கு. என் மாணவர் காரிலோ இறப்பர் மாற்றப்படவில்லை. தண்டின் நீளமே குறைக்கப்பட்டது. அங்கே முற்றாக இறுக்குவதற்குக் காரணமே இருக்கவில்லை.

இனி, சரிசெய்யும் முறை. எண்ணெய் கசியும் தணிப்பானைத் திருகிப் பயனில்லை. அதனைச் சோடியாகவே மாற்றுக. புதியதை நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை அழுத்தி இழுத்துக் காற்றைப் போக்கிய பின் பூட்டுக. ரயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க. பின்னர் மிகத் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்குக. இறுகிய நிலையிலிருந்து அன்று. இடமும் வலமும் ஒரே அளவாக, ஒருமுறைக்கு ஒரு படியே திருகுக. பழகிய வீதியில், சனநடமாட்டமில்லாத வேளையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, கண்டதை அப்பியாசக் கொப்பியில் எழுதுக. மேடு கடந்தபின்னும் கார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு படி கூட்டுக. ஒட்டுப்போட்ட தாரிலே சில்லுகள் துள்ளினால் ஒரு படி குறைக்க. அடுத்தடுத்த மேடுகளில் கார் மேலும் மேலும் பதுங்கினால், விரியும் பக்கத்துத் தடை மிகுதி என்று அறிக. ஒரு மேட்டில் எழுந்த சில்லு அடுத்தது வருமுன் இறங்க முடியாமல் திணறுகிறது. இறுதியாக, சில்லுகளின் சீரமைப்பையும் முன்விளக்கின் நோக்கையும் பார்ப்பிக்க மறவாதீர்கள். உயரம் மாறினால் இரண்டும் மாறும்.

என் மாணவர் காரைச் சற்று உயர்த்தி, குறுகிய தணிப்பான்களைப் பூட்டி, நான்கு மாலைப்பொழுதுகள் கொப்பியும் கையுமாக உழைத்தார். ஐந்தாம் நாள் அதே வளைவில், அதே ஒட்டுத் தாரின்மேல், கார் அமைதியாகச் சென்றது. நான் அருகில் இருந்தேன்.

இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இது முன்னரே தெரிந்திருக்க வேண்டியது. இளைஞர்களே, உங்கள் காரின் அழகை நாங்கள் வெறுக்கவில்லை. வீதியோரத்தில் நடந்துபோகும் எங்கள் பிள்ளைகளையும் மனத்திற்கொண்டு அந்தத் திருகைத் திருப்புங்கள்.