கல்வராயன்மலைக் கடுக்காயும் ஒரே கொள்வோனும்

(கள்ளக்குறிச்சித் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



பொருளியல், மேலாண்மையியல் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே, அவை மேலைநாட்டார் கப்பலேற்றி அனுப்பிய சரக்குகள் என எண்ணித் தமிழன் கைகட்டி நின்றுவிடுகின்றான். திருக்குறளில் 'பொருள்செயல்வகை' உண்டு, 'தெரிந்துவினையாடல்' உண்டு. தக்கானை ஆராய்ந்து தக்க வினையில் அமர்த்தும் முறைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த இனம் இது. ஆயினும் பழம்பெருமை பேசிக் கலைவதற்கு இக்கூட்டம் கூடவில்லை. இவ்வூர்க்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன்மலையில் அப் பொருள் எவ்வாறு செய்யப்படுகின்றது, யார் கைக்குப் போய்ச் சேர்கின்றது என்பதே கேள்வி.

வெள்ளையன் வெளியேறியது 1947-இல். கல்வராயன்மலை சாகீர்தார் பிடியினின்று நீங்கியதோ 1976-இல்! சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று குடிவழியினர் ஆட்சியில் அம்மலை கிடந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆகியும் விடுதலை மலையேறவில்லை. மலையிலிருந்து கீழே இறங்கும் பொருள்கட்கு மட்டும் எக்காலத்தும் தடையிருந்ததில்லை. கடுக்காய், புளி, தேன், பின்னாளில் மரவள்ளிக் கிழங்கு என இறங்கிக்கொண்டே இருந்தன.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடுவார்க்கு அது வேண்டும்; சாயத் தொழிலார்க்கு வேண்டும்; சித்த மருத்துவர்க்கு வேண்டும். சென்னைத் துறைமுகத்தினின்று ஐரோப்பியத் தோல் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாய்ப் போன பொருள் அது. இத்துணை பேர் விரும்பும் பொருளைப் பறிப்பவன் ஏன் ஏழையாய் இருக்கின்றான்? வேண்டுவோர் பலராயினும் மலையடியில் நின்று வாங்குவோன் ஒருவனே என்பதுதான் கரணியம். அவ்வொருவனும் வெறும் வணிகனல்லன். கடன் கொடுத்தவனும் அவனே. மழைக்காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்தவன், காய்க்கும் பருவத்தில் விலையையும் தானே சொல்கின்றான். துலைக்கோலையும் தானே பிடிக்கின்றான். கடன்பட்டவன் வேறொருவனிடம் விலை கேட்கப் போகமுடியுமா?

இந்நிலைக்குப் பொருளியலார் இட்ட பெயரின் வரலாறு தமிழர் அறியத்தக்கது. விற்போன் ஒருவனே ஆகும் நிலைக்கு ஆங்கிலத்தில் பெயர் இருந்தது. கொள்வோன் ஒருவனே ஆகும் நிலைக்கு இல்லை. 1933-இல் நிறைவற்ற போட்டியைப் பற்றி நூலெழுதிய சோன் இராபின்சன் அம்மையார், கேம்பிரிட்சில் கிரேக்கமும் இலத்தீனும் கற்ற ஆல்வர்டு என்பாரின் துணைகொண்டு கிரேக்க வேரினின்று ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டார். பொருளியலார் சொல்லுக்காக மொழிப்புலவரை நாடினார்; எவரும் அவரை எள்ளவில்லை. இங்கே ஒருவர் 'ஒருகொள்வோன் சந்தை' என்று தமிழில் சொன்னால், "இதெல்லாம் வழக்கில் வருமா?" என்று கேட்கக் கற்றவரே முன்வருகின்றனர்! கல்வராயன்மலையில் அந்நிலை வழக்கில் வந்து தலைமுறைகள் ஆயின, பெயர்தான் வரவில்லை.

இதே நோய்க்குக் குசராத்தில் மருந்து கண்டனர். கேடா மாவட்டத்தில் பாலைத் தொகுத்துப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை போல்சன் என்னும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. உழவர்கள் பால் ஊற்றமாட்டோம் என்று பதினைந்து நாள்கள் நிறுத்தினர். 1946-இல் ஆனந்தில் கூட்டுறவு பிறந்தது. திரிபுவன்தாசு பட்டேல் தலைமை தாங்கினார். அவர்கள் பால் விற்றதோடு நில்லாது பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் ஆக்கும் ஆலையையும் தமதாக்கிக் கொண்டனர் என்பதே கருதத்தக்கது. பொருளின் மதிப்பு எவ்விடத்தில் ஏறுகின்றதோ அவ்விடத்தில் உழவன் நின்றான். மலையில் கடுக்காயை மூட்டையாய் விற்பதும், கொட்டை நீக்கி உலர்த்திப் பொடித்து விற்பதும் ஒன்றாகா.

அத்துணைத் தொலைவு போவானேன்? சேலத்திலேயே சான்று உண்டு. சவ்வரிசி ஆலையினர் இடைத்தரகரால் விலையிழந்து வாடி, 1981-இல் 'சேகோசர்வ்' எனப்படும் கூட்டுறவை அமைத்தனர். சரக்கைப் பொதுக் கிடங்கில் வைத்து, மூடிய விலைப்புள்ளிகளால் வணிகரிடையே போட்டியை உண்டாக்கினர். போற்றத்தக்க அமைப்பு! ஆயினும் அது ஆலைக்காரர்களின் கூட்டுறவு. கிழங்கு விளைத்தவனின் கூட்டுறவன்று. மாவுச்சத்து எத்தனை புள்ளி என்று அளந்து சொல்லும் கருவி ஆலையில் இருக்க, உழவன் வாயிலில் நிற்கின்றான். பிடுங்கிய கிழங்கை நாள்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. ஆலைக்காரனை வணிகனிடமிருந்து காத்த அதே கோட்பாடு, கருமந்துறையிலும் வெள்ளிமலையிலும் கிழங்கு நடுவோனை ஆலைக்காரனிடமிருந்து காக்க இன்னும் வரவில்லை.

மலைவாணர்க்குக் கூட்டுறவே இல்லையோ எனின், உண்டு. கடன் கொடுத்தல், விளைபொருள் வாங்கல், நுகர்பொருள் விற்றல் ஆகிய மூன்றையும் ஒரு கூரையின்கீழ்க் கொணரும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுகள் 1970-களில் இந்தியாவெங்கும் மலைவாழ் மக்களுக்கென வகுக்கப்பட்டன. கடனும் கொள்முதலும் ஒருவன் கையில் இருப்பதால் வந்த தீமையை, அவ்விரண்டையும் மக்கள் கையிலேயே சேர்த்து முறிப்பது, சீரிய கருத்து! ஆனால் அதற்கு ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'லாம்ப்பு' என்று பெயரிட்டனர். விளக்கு என்று பொருள்படும் அப்பெயரிலேயே எவர்க்கும் விளங்காத இருள்! அதனினும் பெருங்குறை, செயலாளர் அரசு அலுவலராய் அமைந்து, உறுப்பினன் கைந்நாட்டு வைக்கும் வேற்றாளாய் நின்றுவிடுவது. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் காட்டுச் சிறுவிளைபொருளின் உடைமையை மலைமக்கட்கே உரியதாக்கியது. உடைமை தாளில் இருக்க, துலைக்கோல் பிறன் கையில் இருந்தால் என்ன பயன்?

இசுபெயின் நாட்டில் பாசுக்கு என்றோர் இனம் உண்டு. பிராங்கோவின் கொடுங்கோன்மையில் தம் மொழியைப் பொதுவிடத்தில் பேசவும் அஞ்சி வாழ்ந்த மக்கள். அவர்களிடையே மொந்திராகோன் என்னும் ஊர்க்கு வந்த அரிசுமெந்தியரியேத்தா என்னும் பாதிரியார் முதலில் ஆலை வைக்கவில்லை. 1943-இல் ஒரு தொழிற்பள்ளி வைத்தார். அப்பள்ளி மாணவர் 1956-இல் தொழிற்கூட்டுறவு தொடங்கினர். 1959-இல் தம் சேமிப்பிற்கெனத் தமக்கே உரிய வைப்பகமும் கண்டனர். பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அந்தப் பொறுமையே அவர்தம் மேலாண்மை.

இங்கோ பொறுமையின் பெயரால் பிணங்கள் எண்ணப்படுகின்றன. 2015 ஏப்பிரல் 7-இல் சேசாசல மலைக்காட்டில் ஆந்திரக் காவலரால் சுடப்பட்டு மாண்ட இருபதின்மரில் பெரும்பாலார் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத் தமிழர். சவ்வாதுமலைக்கும் சித்தேரிமலைக்கும் கல்வராயன்மலைக்கும் வாழ்நிலை வேறன்று. சொந்தக் காட்டுப் பொருள் சோறு போட்டிருந்தால் அயற்காட்டில் கோடரி தூக்குவானேன்? 2024 சூன் திங்களில் இக்கள்ளக்குறிச்சியிலேயே நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின்னரே சென்னை உயர் முறைமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முனைந்து வழக்கெடுத்தது.

ஆகவே கள்ளக்குறிச்சித் தமிழன்பர்களிடம் கேட்பது பெரிதன்று. இங்குள்ள தமிழாசிரியர்களும் கணக்கறிந்த இளைஞர்களும் விடுமுறையில் மலையேறுக. கூட்டுறவு உறுப்பினன் தன் கணக்கைத் தானே படிக்குமாறு நல்ல தமிழில் ஒரு கணக்கேடு வரைந்து கொடுக்க. முன்பணம், எடை, கழிவு, விலை, மீதி என ஐந்தே பத்திகள் போதும். எடைபோடும் நாளன்று, உறுப்பினன் பக்கத்தில் நின்று அவனையே அதை எழுதச் செய்க.