நீர்த்த பாலா, நிறைந்த பாலா?



கல்பாத்தி அக்கிரகாரத்திலும் ஒலவக்கோட்டு இரயில்வே குடியிருப்பிலும் பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு சொல் எளிதில் எழுகின்றது: "பால் நீர்த்திருக்கிறது; குழந்தைக்குப் போதாது." அதைக் கேட்ட இளந்தாய் மனந்தளர்கின்றாள், மறுநாளே பால்மாவு டின் வீடு புகுகின்றது. நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்போம். ஆயினும் அறிஞர் கண்டதை எடுத்துரைத்தல் நம் கடனன்றோ?

தாய்ப்பால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் கொழுப்பு உண்டு. குழந்தை பெறும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அதனின்றே கிடைக்கின்றது. ஆனால் பாலில் மிகுதியாக மாறுபடுவதும் அக்கொழுப்பே. முதற் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் கொழுப்புக் குறைவு. நோயெதிர்க்கும் பொருள்கள் மிகுதி. ஆதலின் அதைப் பீய்ச்சி எறிதல் தகாது. பின்வரும் வாரங்களில் கொழுப்பு உயர்கின்றது.

ஒரே வேளைப் பாலிலும் முதலில் வருவது மெலிந்தும் இறுதியில் வருவது செறிந்தும் இருக்கும். கொழுப்புத் துளிகள் மார்பினுள் பால் சுரக்கும் அறைகளில் ஒட்டி நின்று, பால் வடிய வடியப் பெயர்ந்து வருவதே காரணம். சரக்கு வண்டியின் முன்பெட்டி இரண்டைப் பார்த்து, வண்டி முழுதும் வெறுமை என்று கணக்கெழுதுவோமா? குழந்தை ஒரு மார்பைத் தானே விடும்வரை குடிக்கட்டும். பிறகு மற்றதைக் கொடுக்கலாம்.

தாயின் உணவால் கொழுப்பின் அளவு பெரிதும் மாறுவதில்லை, வகையே மாறும். நம் வீடுகளிற்போலத் தேங்காயெண்ணெயில் சமைத்துண்டால் பாலில் லாரிக் அமிலம் மிகும். குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய டாக்டர் சி. கோபாலன், ஏழைத் தாய்மாரின் பாலைப் பற்றி 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போதிய உணவின்றியும் அவர்கள் நெடுநாள் நல்ல பாலூட்டியதை அது காட்டிற்று. ஆயின் அதற்கு விலை கொடுப்பது தாயின் உடலே. எனவே பத்தியம் என்று சொல்லி அவளை அரைவயிறாக வைத்தல் கொடுமை.

பால் போதுமா என்பதை அதன் நிறத்தால் அறிய இயலாது. குழந்தையின் எடை ஏறுகின்றதா? முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிகின்றதா? இவற்றைப் பாருங்கள், குறை கண்டால் மருத்துவரை நாடுங்கள். பால்மாவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. நம் வீட்டுத் திண்ணைச் சொல்லைத் தடுக்க வேண்டியவர் நாமே.