கனம் கோட்டாரும் கூண்டில் நிற்பவரும்

(மொனராகலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில் றப்பர்த் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, நீதவானைத் தொரைன்னு கூப்பிட்டாக் குத்தமா?" என்று கேட்டார். கேள்வி சிறிது, அதற்குள் அடங்கியிருக்கும் வரலாறு பெரிது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீதவான் நீதிமன்றத்தில் இருப்பவர் நீதவான். மாவட்ட நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றத்திலும் இருப்போர் நீதிபதிகள். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் இருப்போர் நீதியரசர்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் பிரதம நீதியரசர். தமிழில் "கனம் கோட்டார் அவர்களே" என்பது பழைய வழக்கு. "கனம் நீதவான் அவர்களே" என்றால் போதும். "ஐயா" என்றாலும் மரியாதைக் குறைவில்லை. 'தொரை' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன்?

அது தோட்டத்தை ஆண்டவருக்கு நம் முன்னோர் இட்ட பெயர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி சிறை செல்ல நேர்ந்தது. அவரைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அந்நாளில் தோட்டத் துரைமாரிற் சிலர் உத்தியோகப்பற்றற்ற நீதவான்களாகவும் நியமனம் பெற்றிருந்தனர். வேலை வாங்குபவரும் துரை. வழக்குத் தொடுப்பவரும் துரை. தீர்ப்பளிப்பவரும் துரைமார் கூட்டத்தவர்! அந்தச் சொல்லில் இருந்தது மரியாதையன்று, அச்சம். இன்றைய நீதவான் எவருக்கும் துரையல்லர், சட்டத்தின் காவலர்.

இந்தியாவைப் பாருங்கள். "மை லோட்" என்பது அடிமைக் காலத்து எச்சம் என்று கூறி, 2006இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் விதியை மாற்றியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் சந்துரு, தம்மை அவ்வாறு அழைக்க வேண்டாமென 2009இல் கேட்டுக்கொண்டார். நீதிபதியை மரியாதையோடு அழைத்தால் போதும், அந்தச் சொல் கட்டாயமன்று என்று 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

ஆனால் நண்பர்களே, பட்டப் பெயரால் மட்டும் நீதி வந்துவிடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஊவாவின் நீதிமன்றமொன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். விறகு வெட்டியதாக ஒரு தோட்டத் தொழிலாளி கூண்டில் நின்றார். குற்றப்பத்திரம் சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் அன்று இல்லை. எவரோ ஒருவர் அரைகுறைத் தமிழில், "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார். இரண்டுக்கும் வேறுபாடு அறியாத அந்த மனிதர், கைகூப்பி, "ஆமாங்க சாமி" என்றார். அவர் காட்டிய மரியாதையே குற்ற ஒப்புதலாக எழுதப்பட்டது. வெளியே வந்து, "கேசு தள்ளிப் போட்டிருக்காங்களா சாமி?" என்று என்னைக் கேட்டார். அபராதம் கட்ட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அன்று வேறு வழக்குக்காகக் காத்திருந்த நான், எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குற்றத்திற்கு நான் சுற்றவாளியல்லன்.

1988இல் நிறைவேறிய 16ஆம் திருத்தத்தின்படி, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்வதென்ன? சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள். இப்பகுதியில் பதிவேடு சிங்களத்தில் இருக்கலாம். ஆயினும் வழக்காளியோ எதிரியோ தமிழில் வழக்கை நடத்தலாம். நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே வழங்க வேண்டும். இது எவரும் இடும் பிச்சையன்று, உரிமை.

ஆகவே தோட்டத்து மக்களே, கூண்டில் ஏறினால், "கனம் நீதவான் அவர்களே, எனக்கு விளங்கவில்லை; தமிழிற் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். சட்டத்தரணி நண்பர்களே, உங்கள் கட்சிக்காரர் அல்லாதவர் தடுமாறினாலும் எழுந்து நில்லுங்கள்.

பாண்டியன் அவையில் கண்ணகி பட்டங்களை அடுக்கி இரந்து நிற்கவில்லை; வழக்கை எடுத்துரைத்தாள். பிழையை உணர்ந்த மன்னன் உயிரையே விட்டான். அவையின் கனம் அதில் இருக்கிறது. ஆசனத்தில் இருப்பவரைக் கனம் என்று அழைப்போம். கூண்டில் நிற்பவரின் கனத்தையும் காப்போம்.